மலையேற்ற, முகாம் சாதனத் தொழிற்துறையில் வணிக நெறிமுறை

மலையேற்ற, முகாம் சாதனத் தொழிற்துறையில் வணிக நெறிமுறை என்பது, மலையேற்றம், நெடுநடைப் பயணம், முகாமிடல், பனிச்சறுக்கல் முதலியவற்றுக்கான உடைகளையும் கருவிகளையும் விற்கும் நிறுவனங்கள், அவற்றை வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் செய்விக்கும்போது தொழிலாளர், சுற்றுச்சூழல், விலங்குகள் ஆகியோர் தொடர்பில் கடைப்பிடிக்க வேண்டிய பொறுப்புகளையும், அப்பொறுப்புகள் பற்றிய விவாதங்களையும் குறிக்கும். இத்துறையின் பெயர்பெற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் வட அமெரிக்கா, மேற்கு ஐரோப்பா, சப்பான் ஆகிய இடங்களைத் தலைமையிடமாகக் கொண்டவை. அவை விற்கும் பொருட்களோ பெரும்பாலும் சீனா, வியட்நாம், வங்காளதேசம், இலங்கை, பிலிப்பைன்சு போன்ற நாடுகளில் செய்யப்படுகின்றன.

இந்நிறுவனங்களுட் பலவற்றுக்குச் சொந்தத் தொழிற்சாலை இல்லை. வடிவமைப்பையும் விற்பனையையும் தம் கையில் வைத்துக்கொண்டு, தையலையும் நெசவையும் ஒப்பந்தத்தில் பிறரிடம் விடுகின்றன. தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர் தம் ஊழியர் அல்லாதபோது, அவருடைய கூலிக்கும் உயிர்ப் பாதுகாப்புக்கும் அந்நிறுவனம் எவ்வளவு பொறுப்பு என்பதே இத்துறையின் நெறிமுறை விவாதங்களின் மையக் கேள்வி ஆகும். இயற்கையின்மீது பற்றுக் கொண்டவை எனத் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் நிறுவனங்கள் இங்கு பல என்பதால், அவற்றிடம் வாங்குவோர் எதிர்பார்ப்பதும் கூடுதலாக உள்ளது.

பின்னணி

தொழிற்துறையின் தோற்றம்

இத்தொழிற்துறையின் முன்னோடிகளுட் பலர் மலையேறிகளாகவே இருந்தனர். தமக்குத் தேவையான கருவிகளைத் தாமே செய்தனர். ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த இவோன் சுயினார்டு 1957 ஆம் ஆண்டில் பழைய கொல்லுலை ஒன்றை வாங்கி, கொல்லுத் தொழிலைத் தாமே கற்று, பாறை இடுக்குகளில் அறையும் எஃகு ஆணிகளைச் செய்தார். அவற்றைத் தமது காரில் வைத்து விற்றார். 1970 அளவில் அவருடைய நிறுவனம் ஐக்கிய அமெரிக்காவின் மிகப் பெரிய மலையேற்றக் கருவி வழங்குனராக வளர்ந்தது. ஆணிகளைத் திரும்பத் திரும்ப அறைவதால் பாறைகள் சிதைவதைக் கண்டு, 1972 ஆம் ஆண்டின் விற்பனைப் பட்டியலில், கையால் செருகி எடுக்கக்கூடிய அலுமினியக் கட்டைகளைப் பயன்படுத்துமாறு அந்நிறுவனம் பரிந்துரைத்தது. தன் வருவாய்க்கு அடிப்படையான பொருளையே ஒதுக்கிய இம்முடிவு, இத்துறையின் நெறிமுறை வரலாற்றில் பலகாலும் எடுத்துக்காட்டப்படுகின்றது.

1973 ஆம் ஆண்டில் சுயினார்டு பட்டகோனியா என்னும் உடை நிறுவனத்தைத் தொடங்கினார். ஆணிகள் அவருடைய பட்டறையிலேயே செய்யப்பட்டன. உடைகளின் தையல் தொடக்கம் முதலே வெளியாரிடம் விடப்பட்டது. 1970களின் நடுப்பகுதியில் ஹொங்கொங் தொழிற்சாலை ஒன்றுக்கு வழங்கிய சட்டை ஒப்பந்தம் தாமதத்தாலும் தரக்குறைவாலும் பெரும் இழப்பில் முடிந்தது. தொலைவில் உள்ள தொழிற்சாலையை நேரில் அறியாமல் பொருள் செய்விப்பதன் இடரை அந்நிறுவனம் இவ்வாறு முதலில் உணர்ந்தது. எனினும் அன்று கவலை தரத்தைப் பற்றியதாகவே இருந்தது. தொழிலாளர் நிலை பற்றிய கேள்வி பின்னரே எழுந்தது.

உற்பத்தி வெளிநாடு சென்றமை

முதுகுப்பை, கூடாரம், மழைச்சட்டை, உறக்கப் பை ஆகியவை எந்திரங்களால் மட்டும் செய்து முடிக்கக்கூடியவை அல்ல. ஒரு முதுகுப்பையில் வெட்டிய துணித் துண்டுகள், பட்டிகள், கொளுவிகள், பற்பிணைகள் எனப் பல உறுப்புகள் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக மனிதக் கைகளே பொருத்தித் தைக்க வேண்டும். ஆகவே கூலி குறைந்த நாடுகளை நோக்கி உற்பத்தி நகர்ந்தது.

இந்நகர்வின் திசையை வணிகச் சட்டங்களும் தீர்மானித்தன. 1974 முதல் 2004 வரை நடப்பில் இருந்த பல்லிழை உடன்பாடும் அதைத் தொடர்ந்த ஏற்பாடும், வளர்ந்துவரும் ஒவ்வொரு நாடும் செல்வந்த நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யக்கூடிய துணி, உடை ஆகியவற்றுக்கு அளவுப் பங்கு விதித்தன. தம் நாட்டுப் பங்கு நிரம்பிய தென்கொரிய, ஹொங்கொங் முதலாளிகள், பங்கு மீதமிருந்த நாடுகளில் தொழிற்சாலைகளை நிறுவினர். தென்கொரியாவின் யங்வன் நிறுவனம் 1980 ஆம் ஆண்டில் வங்காளதேசத்தின் சிட்டகாங் நகரில் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் நோர்த் பேசு உட்பட்ட பல நிறுவனங்களுக்கு உடை தைக்கும் பெரும் வழங்குனராக அது வளர்ந்தது. இலங்கையில் 1977 இல் திறந்த பொருளாதாரக் கொள்கை அறிமுகமாகி, 1978 இல் கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் அமைக்கப்பட்டதும், அங்கு ஆடைத் தொழில் பெருகியது. 2005 சனவரி 1 அன்று அளவுப் பங்குகள் நீங்கியபின் சீனாவின் பங்கு விரைவாக உயர்ந்தது. சீனாவில் கூலி உயர்ந்தபோது, தையலின் ஒரு பகுதி வியட்நாமுக்கும் வங்காளதேசத்துக்கும் சென்றது.

வழங்கல் சங்கிலியின் அமைப்பு

ஒரு மழைச்சட்டை கடைக்கு வருமுன் பல நிறுவனங்களின் கைகளைக் கடக்கின்றது. இவை பொதுவாக அடுக்குகளாகப் பிரித்துக் கூறப்படுகின்றன.

- முதல் அடுக்கு: துணியை வெட்டித் தைத்துப் பொருளை முடிக்கும் தொழிற்சாலை.
- இரண்டாம் அடுக்கு: துணி நெய்து, சாயமிட்டு, நீர்புகாப் பூச்சு இடும் ஆலை; பற்பிணை, கொளுவி போன்ற உறுப்புகளைச் செய்யும் ஆலை.
- மூன்றாம் அடுக்கு: நூல் நூற்கும் ஆலை.
- நான்காம் அடுக்கு: மூலப்பொருள் வழங்குவோர், பருத்தி வயல், ஆட்டுப் பண்ணை, வாத்துப் பண்ணை, நைலான், பொலியெசுத்தர் ஆகியவற்றுக்கான வேதிப்பொருள் ஆலை.

விற்பனை நிறுவனம் நேரடியாக ஒப்பந்தம் செய்வது பெரும்பாலும் முதல் அடுக்கோடு மட்டுமே. இதனால் நீண்ட காலம் கண்காணிப்பும் முதல் அடுக்கோடு நின்றது. மோசமான நிலைமைகள் சில அதற்கு அப்பாலுள்ள அடுக்குகளில் இருந்ததைக் கீழ்வரும் தாய்வான் நிகழ்வு காட்டுகின்றது.

முக்கிய நெறிமுறைச் சிக்கல்கள்

கூலியும் வேலை நேரமும்

பெரும்பாலான நிறுவனங்களின் நடத்தைக் கோவைகள், அந்தந்த நாட்டின் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியையே கட்டாயமாக்குகின்றன. பல ஆடை ஏற்றுமதி நாடுகளில் அத்தொகை ஒரு குடும்பத்தின் உணவு, வாடகை, கல்வி, மருத்துவம் ஆகியவற்றுக்குப் போதாது. இச்செலவுகளுக்குப் போதுமான ஊதியம் வாழ்வூதியம் எனப்படுகின்றது. சட்டக் கூலிக்கும் வாழ்வூதியத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை யார் ஈடுசெய்வது என்பது இன்னும் தீராத விவாதம்.

இத்தொழில் பருவம் சார்ந்தது. குளிர்கால உடைகள் கடைகளுக்குக் குறித்த காலத்தில் சேர வேண்டும் என்பதால், ஆண்டின் சில மாதங்களில் வேலை குவிகின்றது. நிறுவனம் வடிவமைப்பைத் தாமதமாக மாற்றியும் அனுப்பும் நாளை மாற்றாமல் விட்டால், அந்த இடைவெளியைத் தொழிலாளரின் மிகைநேர வேலையே நிரப்புகின்றது. மிகைநேரத்தைத் தடை செய்யும் கோவையை எழுதும் நிறுவனமே, தன் கொள்முதல் முறையால் அதை உண்டாக்குவதும் உண்டு.

கட்டடப் பாதுகாப்பு

2013 ஏப்ரல் 24 அன்று வங்காளதேசத்தின் டாக்காவுக்கு அருகிலுள்ள சவாரில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தனர். முந்திய நாள் சுவர்களில் வெடிப்புகள் காணப்பட்டிருந்தும் தொழிலாளர் வேலைக்கு அழைக்கப்பட்டிருந்தனர். இதைத் தொடர்ந்து இருவகைத் திட்டங்கள் உருவாயின. ஒன்று, விற்பனை நிறுவனங்களும் உலகத் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்ட, சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை. மற்றது, வட அமெரிக்க நிறுவனங்கள் அமைத்த கூட்டணி. இதில் தொழிற்சங்கங்கள் ஒப்பந்தத் தரப்பினராக இருக்கவில்லை.

நோர்த் பேசு, யான்சுபோர்ட் ஆகியவற்றின் உரிமையாளரான வி.எப். நிறுவனம் இரண்டாவதைத் தேர்ந்தது. இதனை எதிர்த்து ஐக்கிய அமெரிக்காவில் மாணவர் அமைப்புகள் போராடின. சில பல்கலைக்கழகங்கள் அந்நிறுவனத்துடன் கொண்டிருந்த ஒப்பந்தங்களை முடித்துக்கொண்டன. கூட்டணி 2018 ஆம் ஆண்டில் தன் பணியை நிறைவு செய்தது. உடன்படிக்கை 2021 ஆம் ஆண்டில் பன்னாட்டு உடன்படிக்கையாகப் புதுப்பிக்கப்பட்டது.

புலம்பெயர் தொழிலாளரின் கடன்சுமை

இத்துறையில் வெளிப்பட்ட நெறிமுறைச் சிக்கல்களுள் மிகவும் கவனிக்கப்பட்டது தாய்வான் துணி ஆலைகளைப் பற்றியதாகும். நீர்புகாத் துணி, மீள்தன்மைத் துணி போன்ற உயர்தரச் செயற்கைத் துணிகளுக்குத் தாய்வான் பெயர்பெற்றது. அங்குள்ள ஆலைகளில் வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்சு ஆகிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் பணிபுரிகின்றனர். அவர்களை வேலைக்குச் சேர்ப்பவர்கள் தொழில் தரகர்கள்.

பட்டகோனியா நிறுவனம் 2011 ஆம் ஆண்டில் தன் தணிக்கையை இரண்டாம் அடுக்குக்கு விரிவாக்கியபோது, இவ்வாலைகளில் கட்டாய உழைப்பின் கூறுகள் இருப்பதைக் கண்டது. வேலையைப் பெறுவதற்காகத் தொழிலாளர் தரகருக்கு 7,000 அமெரிக்க டொலர் வரை செலுத்தியிருந்தனர். 2015 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தாய்வானின் குறைந்தபட்ச மாதக் கூலி 20,008 தாய்வான் டொலர். அக்காலத்து நாணய மாற்று விகிதப்படி, மேற்படி தொகை ஏறத்தாழப் பதினொரு மாத முழுக் கூலிக்குச் சமம். உணவும் உறைவிடமும் போக மீதியிலிருந்தே கடன் கட்டவேண்டி இருந்ததால், அதைத் தீர்க்க இரண்டு ஆண்டு வரை ஆனது.

இதற்கு மேல், தாய்வானில் தரகர் மாதாந்தச் சேவைக் கட்டணமும் பெறச் சட்டம் இடமளித்தது. அது முதலாம் ஆண்டில் மாதம் 1,800, இரண்டாம் ஆண்டில் 1,700, மூன்றாம் ஆண்டில் 1,500 தாய்வான் டொலராக இருந்தது. மூன்று ஆண்டுக்கு இது மொத்தம் 60,000 தாய்வான் டொலர். அதாவது மூன்று மாதக் குறைந்தபட்சக் கூலி. மூன்று ஆண்டு முடிந்ததும் தொழிலாளர் நாட்டைவிட்டு ஒரு நாளாவது வெளியேறிப் பின்னரே திரும்ப வேண்டும் என்ற விதியும் இருந்தது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் தரகுக் கட்டணத்தை மீண்டும் செலுத்த வேண்டி வந்தது. வெளியேறும் விதி 2016 ஆம் ஆண்டில் சட்டத் திருத்தத்தால் நீக்கப்பட்டது.

இத்தகைய தொழிலாளர் அடைத்து வைக்கப்பட்டவர் அல்லர். ஆனால் கடன் தீருமுன் வேலையைவிட்டு விலகினால், ஊரில் அடகு வைத்த நிலமோ வீடோ பறிபோகும். ஆதலால் வேலை நிலைமை எப்படி இருப்பினும் அவர் விலக இயலாது. இதனையே கடன்பிணை என்பர். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1930 ஆம் ஆண்டிலேயே கட்டாய உழைப்புக்கு எதிரான 29 ஆம் இலக்கச் சாசனத்தை ஏற்றது. தனியார் வேலைவாய்ப்பு முகவர்கள் தொழிலாளரிடம் கட்டணம் பெறக்கூடாது என்ற பொது விதியை 1997 ஆம் ஆண்டின் 181 ஆம் இலக்கச் சாசனம் கூறுகின்றது.

பட்டகோனியா, வெரிட்டே என்னும் தொழிலாளர் உரிமை அமைப்பின் துணையுடன் 2014 ஆம் ஆண்டில் புலம்பெயர் தொழிலாளருக்கான தரவரையறை ஒன்றை உருவாக்கியது. 2015 சூன் 1 இலும் அதன் பின்னும் சேர்க்கப்படும் தொழிலாளரிடம் எவ்விதக் கட்டணமும் பெறக்கூடாது. அச்செலவை ஆலையே ஏற்க வேண்டும் என அது வழங்குனர்களிடம் கோரியது. முன்னரே சேர்ந்தோருக்குச் சட்ட வரம்புக்கு மேல் பெற்ற தொகையைத் திருப்பித் தரவும் வலியுறுத்தியது. வேலைக்குச் சேர்க்கும் செலவைத் தொழிலாளர் அன்றி முதலாளியே ஏற்க வேண்டும் என்ற கொள்கை பின்னர் ஆடைத் தொழிலில் பரவலாக ஏற்கப்பட்டது. 2018 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க உடை, காலணி வணிகச் சங்கமும் நியாய உழைப்புச் சங்கமும் இதற்கான கூட்டு உறுதிமொழியை வெளியிட்டன.

இந்நிகழ்வில் கவனிக்கத்தக்கது, ஆலைகளை உடனே கைவிடாமல் தொடர்பைப் பேணியபடி திருத்த முயன்றமை ஆகும். ஒப்பந்தத்தை முறித்தால் வாங்குனரின் பெயர் காக்கப்படும். கடனில் உள்ள தொழிலாளரின் நிலையோ மேலும் மோசமாகக்கூடும். மறுபுறம், திருத்தம் வெறும் உறுதிமொழியாக நின்றுவிட்டால், தொடர்பைப் பேணுவதே தவறுக்கு உடந்தை ஆகிவிடும்.

சிஞ்சியாங் பருத்தி

சீனாவின் சிஞ்சியாங் பகுதியில் உய்குர் மக்கள் கட்டாய உழைப்புக்கு உட்படுத்தப்படுகின்றனர் என்ற செய்திகளைத் தொடர்ந்து, அப்பகுதிப் பருத்தியிலிருந்து விலகுவதாகப் பட்டகோனியா 2020 ஆம் ஆண்டில் அறிவித்தது. இக்குற்றச்சாட்டைச் சீன அரசு மறுத்துள்ளது. அப்பகுதியில் சுதந்திரமான தணிக்கை இயலாது எனக் கருதப்படுவதால், தங்கித் திருத்தும் வழி இங்கு பொருந்தாது என்பது விலகியோரின் வாதம். ஐக்கிய அமெரிக்காவில் 2021 டிசம்பரில் கையெழுத்தாகி 2022 சூன் 21 அன்று நடப்புக்கு வந்த சட்டம், சிஞ்சியாங்கில் உருவான பொருட்கள் கட்டாய உழைப்பில் செய்யப்பட்டவை என முற்கொள்கின்றது. அவ்வாறு அல்ல எனக் காட்டும் பொறுப்பு இறக்குமதியாளருடையது.

விலங்கு நலன்

உறக்கப் பைகளிலும் குளிர் உடைகளிலும் வாத்து, வாத்தினத்துப் பெரும்பறவைகள் ஆகியவற்றின் மென்தூவி நிரப்பப்படுகின்றது. உயிருள்ள பறவைகளிலிருந்து தூவியைப் பிடுங்குதல், ஈரல் பருக்கக் கட்டாயத் தீனி ஊட்டுதல் ஆகியவற்றை விலங்குநல அமைப்புகள் எதிர்த்தன. 2014 ஆம் ஆண்டில் நோர்த் பேசு நிறுவனம் பிற அமைப்புகளுடன் சேர்ந்து பொறுப்பான தூவித் தரவரையறையை உருவாக்கியது. அதே ஆண்டில் பட்டகோனியாவும் பண்ணை வரை தடமறியக்கூடிய தூவிக்கு மாறியது. 2015 ஆம் ஆண்டில் அர்கெந்தீனாவில் தனக்குக் கம்பளி வழங்கிய பண்ணைகளில் ஆடுகள் கொடுமைப்படுத்தப்படும் காணொளி வெளியானதும், பட்டகோனியா அக்கம்பளியை வாங்குவதை நிறுத்தியது.

கண்காணிப்பு அமைப்புகள்

1996 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பில் கிளின்டன் கூட்டிய ஆடைத்தொழில் கூட்டமைப்பிலிருந்து, 1999 ஆம் ஆண்டில் நியாய உழைப்புச் சங்கம் உருவானது. அதே ஆண்டில் நெதர்லாந்தில் பெயர் வெயர் என்னும் அமைப்பு நிறுவப்பட்டது. செருமானிய, சுவிட்சர்லாந்து மலையேற்ற நிறுவனங்கள் பல இதில் இணைந்தன. தொழிற்சாலையை மட்டும் சோதிக்காமல், விலை, காலக்கெடு, ஒப்பந்த நீளம் ஆகியவற்றில் வாங்கும் நிறுவனத்தின் நடத்தையையும் பெயர் வெயர் மதிப்பிடுகின்றது.

நீண்டகால உறவுக்கு எடுத்துக்காட்டாகச் செருமனியின் தொய்ட்டர் நிறுவனம் கூறப்படுவதுண்டு. 1898 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், 1990களின் தொடக்கம் முதல் டியூக் என்னும் ஒரே பங்காளியுடன் முதுகுப்பைகளைச் செய்து வருகின்றது. இன்று அவை வியட்நாமில் தைக்கப்படுகின்றன.

தணிக்கைக்கு எல்லைகள் உண்டு. 2012 செப்டம்பரில் பாக்கித்தானின் கராச்சியில் அலி என்டர்பிரைசசு ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250க்கு மேற்பட்டோர் இறந்தனர். அத்தொழிற்சாலை சில வாரங்களுக்கு முன்னரே ஒரு பன்னாட்டுச் சமூகத் தரச்சான்றிதழைப் பெற்றிருந்தது. ஓரிரு நாள் வருகை, முன்னறிவிப்பு, தொழிலாளர் அஞ்சி உண்மை கூறாமை, தணிக்கைக்குத் தொழிற்சாலையே பணம் செலுத்துதல் ஆகியவை இம்முறையின் குறைகள்.

தொழிற்சாலைகளின் பெயர்ப் பட்டியலை வெளியிடுவது மற்றொரு வழி. நைக்கி நிறுவனம் 2005 ஆம் ஆண்டில் இதனைச் செய்தது. 2007 ஆம் ஆண்டில் பட்டகோனியா தன் பொருட்கள் கடந்துவரும் பாதையை இணையத்தில் வெளியிடத் தொடங்கியது. பட்டியல் வெளியானால், தொழிற்சங்கங்களும் செய்தியாளரும் தொழிற்சாலையை வாங்கும் நிறுவனத்தோடு தொடர்புபடுத்த இயலும்.

நியாய வணிக மேலதிகத் தொகை

2014 ஆம் ஆண்டில் பட்டகோனியா, இந்தியாவின் பிரதிபா சின்டெக்சு தொழிற்சாலையில் தைக்கப்பட்ட பத்து வகை உடைகளை நியாய வணிகச் சான்றிதழுடன் விற்கத் தொடங்கியது. பின்னர் இலங்கையின் இர்தாராமணி, மாசு ஆகிய குழுமங்களின் தொழிற்சாலைகளும் இத்திட்டத்தில் சேர்ந்தன. இம்முறையில், விற்பனை நிறுவனம் பொருளின் விலைக்கு மேலாக ஒரு தொகையைத் தொழிலாளருக்கெனத் தனியாக உள்ள கணக்கில் இடுகின்றது. தொழிலாளர் தேர்ந்தெடுத்த குழு அதன் பயன்பாட்டை முடிவு செய்கின்றது. தொழிற்சாலை நிர்வாகம் அதைத் தொட முடியாது. இர்தாராமணி தொழிற்சாலைத் தொழிலாளர் அத்தொகையைக் கொண்டு குழந்தைகள் பகல் காப்பகமும் நலவாழ்வுத் திட்டமும் அமைத்தனர்.

இம்மேலதிகத் தொகை கூலி உயர்வுக்கு மாற்று ஆகாது. ஒரு தொழிற்சாலையின் உற்பத்தியில் சான்றிதழ் பெற்ற பகுதி சிறிதாயின், தொழிலாளர் பெறும் தொகையும் சிறிதாகவே இருக்கும்.

சட்டங்கள்

தன்னார்வக் கோவைகள் போதா என்ற கருத்து வலுப்பெற்றதால், பல நாடுகள் சட்டம் இயற்றின.

- 2010: கலிபோர்னிய வழங்கல் சங்கிலி வெளிப்படைத்தன்மைச் சட்டம் (2012 முதல் நடப்பில்).
- 2011: வணிகமும் மனித உரிமைகளும் பற்றிய ஐக்கிய நாடுகளின் வழிகாட்டு நெறிகள். இவை சட்டம் அல்ல. பின்வந்த சட்டங்களுக்கு அடிப்படை ஆயின.
- 2015: ஐக்கிய இராச்சியத்தின் நவீன அடிமைமுறைச் சட்டம்.
- 2017: பெரு நிறுவனங்களின் விழிப்புக் கடமை பற்றிய பிரான்சியச் சட்டம்.
- 2023: செருமனியின் வழங்கல் சங்கிலிச் சட்டம் நடப்புக்கு வந்தது.

முதலிரு நாடுகளின் சட்டங்கள் அறிக்கை வெளியிடுவதை மட்டுமே கோருகின்றன. பிரான்சிய, செருமானியச் சட்டங்கள் இடரைக் கண்டறிந்து தடுக்க முயல்வதையும் கடமையாக்குகின்றன.

உள்நாட்டு உற்பத்தி

உற்பத்தியை மீண்டும் தம் நாட்டுக்கே கொணர வேண்டும் என்போரும் உளர். 1941 ஆம் ஆண்டின் பெர்ரி திருத்தச் சட்டத்தின்படி, ஐக்கிய அமெரிக்கப் படைகள் உடை, கூடாரம் போன்றவற்றைப் பொதுவாக உள்நாட்டு உற்பத்தியிலிருந்தே வாங்க வேண்டும். இதனால் அங்கு தையல் தொழில் ஓரளவு எஞ்சியுள்ளது. கனடாவின் ஆர்க்டெரிக்சு நிறுவனம் பெரும்பாலான பொருட்களை வெளிநாட்டில் செய்வித்தபோதும், பிரித்தானியக் கொலம்பியாவில் சொந்தத் தொழிற்சாலை ஒன்றை நடத்துகின்றது. சுவீடனின் இல்லேபெரி நிறுவனம் தன் கூடாரங்களை எசுத்தோனியாவிலுள்ள சொந்தத் தொழிற்சாலையில் தைக்கின்றது.

எனினும் நாட்டின் பெயர் மட்டும் நெறிமுறைக்குச் சான்று ஆகாது. தாய்வான் தனிநபர் வருவாய் உயர்ந்த நாடு. கடன்பிணை அங்கேயே காணப்பட்டது. மேலும், ஆடை ஏற்றுமதி வங்காளதேசத்திலும் இலங்கையிலும் இலட்சக்கணக்கான பெண்களுக்கு மாதச் சம்பளம் தரும் வேலையாக உள்ளது. உற்பத்தி முற்றாக விலகினால் முதலில் பாதிக்கப்படுவோர் அவர்களே.

திறனாய்வுகள்

- நெறிமுறை வாசகங்கள் விளம்பரமாகவே பயன்படுகின்றன என்பர் ஒரு சாரார். பட்டகோனியா 2011 நவம்பரில் நியூயார்க் டைம்சு இதழில், தன் மேற்சட்டை ஒன்றைக் காட்டி அதை வாங்க வேண்டாம் என விளம்பரம் செய்தது. அதைச் செய்ய 135 லீட்டர் நீர் செலவாவதாகவும் அதில் கூறியது. இது நேர்மையான அறிவிப்பா, விற்பனை உத்தியா என்பது இன்றும் விவாதிக்கப்படுகின்றது.
- பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்கள் காலாண்டு இலாபத்துக்குக் கட்டுப்பட்டவை என்பதால், தனியார் நிறுவனங்களின் முறைகளை அவை பின்பற்ற இயலாது என்ற வாதம் உண்டு. பட்டகோனியாவின் உரிமை 2022 செப்டம்பரில் ஓர் அறக்கட்டளைக்கும் சூழல் பாதுகாப்புக்கான ஓர் அமைப்புக்கும் மாற்றப்பட்டது.
- ஒரே தொழிற்சாலையில் பல நிறுவனங்கள் பொருள் செய்விக்கும்போது, ஒரு நிறுவனத்தின் நல்ல விதி மட்டும் தொழிலாளர் நிலையை மாற்றாது. மற்ற வாங்குனரும் அதே விலையையும் காலக்கெடுவையும் ஏற்க வேண்டும்.
- கோவைகளும் தணிக்கைகளும் தொழிற்சங்கத்துக்கு ஈடாகா என்று தொழிலாளர் அமைப்புகள் கூறுகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை வரும் தணிக்கையாளரைவிட, சுவரில் வெடிப்பைக் கண்டதும் உள்ளே செல்ல மறுக்கும் உரிமை தொழிலாளருக்கு இருப்பதே உறுதியான பாதுகாப்பு என்பது அவர்களின் கருத்து.

இவற்றையும் பார்க்க

- பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு
- நியாய வணிகம்
- வாழ்வூதியம்
- கடன்பிணை
- ரானா பிளாசா கட்டட இடிவு
- கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம்
- மலையேற்றம்